பின் கார்புரேட்டரின் மூச்சு

பல் டாக்டர் தன் காரிலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த இரண்டு கார்புரேட்டர்களும் மறுநாள் காலையில் மூச்சு விட ஆரம்பித்தன. முதலில் கவனித்தவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்திருந்த ஒரு தையல்காரர். வாயைத் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கையை நீட்டி அலமாரியைக் காட்டினார். வலியில் கையை ஆட்டுகிறார் என்று நினைத்து டாக்டர் மரப்பு ஊசியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். பிறகுதான் அவர் காதிலும் விழுந்தது. பழைய துண்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு அலுமினியக் குடுவைகளும், உள்ளே பிஸ்டன் மெல்ல ஏறி மெல்ல இறங்க, தூங்குகிற ஆட்களைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. டாக்டர் பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை ஒன்றின் வாயருகே பிடித்தார். கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு இன்னொன்றின் வாயருகே பிடித்தார். அதுவும் மங்கியது. கண்ணாடியைக் கழுவி மருந்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, தையல்காரரின் பல்லைப் பிடுங்கினார்.

கார் டாக்டருடைய அப்பாவுடையது. இங்கிலாந்தில் செய்தது, இரண்டே இருக்கை, கரும்பச்சை நிறம், வேண்டாதபோது மடக்கிக்கொள்ளும் கித்தான் கூரை. ஊரை விட்டுப் போன ஒரு கம்பெனி மேலாளர் ஓடாத நிலையில் விட்டுப் போனதை, படகுகளின் எஞ்சின் அறையில் வேலை பார்த்த அப்பா வாங்கி, ஒவ்வொரு மரையாகக் கழற்றி மாட்டி ஓட வைத்தார். எஞ்சினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்க மற்றக் கார்களுக்கு ஒரு கார்புரேட்டர் போதும். இதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வண்டி இருமும், புகைக்கும், நடுத்தெருவில் நின்று மானத்தை வாங்கும். அளவு பார்க்க ரப்பர் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டரின் வாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, காற்று இழுபடும் சீறலைக் கேட்பார்கள். அப்பாவின் காதையோ எஞ்சின் அறை எப்போதோ தின்று தீர்த்திருந்தது.

அதனால் பிள்ளைகள் இருவரும் அவருக்குக் காதானார்கள். முன் கார்புரேட்டர் தம்பிக்கு, பின் கார்புரேட்டர் அக்காவுக்கு, ஆளுக்கொரு குழாய். காதில் விழும் சீறல் எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதே சுருதியில் வாயை மூடிக்கொண்டு முனக வேண்டும். அப்பா ஸ்க்ரூவைத் திருகுவார், திருகிவிட்டு இரண்டு பேர் தொண்டையிலும் விரல் வைத்துப் பார்ப்பார், மறுபடி திருகுவார். இரண்டு தொண்டையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பிறகு ஒரு பிள்ளை அவர் பக்கத்தில் ஏறிக்கொள்ளும். இடம் கிடைக்காத பிள்ளை பின்னால் நின்று காரைத் தள்ளிவிட வேண்டும். அடுத்த முறை இது மாறும். தள்ளுகிற பிள்ளைக்குத்தான் உரிமை அதிகம் என்று அப்பா சொல்வார். அதை நம்பிய பிள்ளை அக்கா மட்டும்தான்.

அப்பா போன பிறகு கார் டாக்டருக்கு வந்தது. அக்கா அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்து, இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் தனியாகக் குடியிருந்தாள். கார் இருமத் தொடங்கும்போதெல்லாம் வந்து சரிசெய்து கொடுத்தாள். சில வருஷங்களில் அவள் காதும் அப்பாவின் காதைப் போலவே மங்கி, பிறகு அடியோடு போயிற்று. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டதால் அது வெளியே யாருக்கும் தெரியவில்லை. தெரியக் கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள். தெரிந்தது தம்பிக்கும் அவர் மனைவிக்கும் மட்டும். இரண்டு குழாயையும் தம்பி மாற்றி மாற்றிக் காதில் வைத்துக்கொண்டு முனகுவார். அக்கா அவர் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகுவாள். கார் முன்னைவிட நன்றாகவே ஓடியது.

கெட்ட நேரம் பழைய கார்களின் கண்காட்சி என்ற பெயரில் வந்தது. டாக்டருக்கு அதில் பரிசு வாங்க வேண்டுமென்று கொள்ளை ஆசை. ஆஸ்பத்திரிச் சிநேகிதர்களை எல்லாம் வீட்டுக்கு வரச்சொல்லி, அங்கிருந்தே ஊர்வலம் மாதிரி கிளம்ப ஏற்பாடு செய்திருந்தார். அவர்கள் வந்து நின்ற நேரத்தில் அக்கா அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், இவர் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தார். சிநேகிதர்களில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். டாக்டருக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. போதும் போதும் என்று விலகிக்கொண்டார். அக்கா கையைத் துடைக்கத் திரும்பிய சமயத்தில், கார் இன்னும் கம்பீரமாக உறுமட்டும் என்று முன் ஸ்க்ரூவை அவரே அரைத் திருகு திருகினார். அப்படித் திருகியதை யாரும் பார்க்கவில்லை.

மைதானத்தில் நடுவர்கள் வந்து நின்று எஞ்சினைப் போடச் சொன்னபோது கார் இருமியது. பிறகு கனைத்தது. பிறகு தலைமை நடுவரின் வெள்ளைச் சட்டைமேல் கரும்புகையைக் கக்கிவிட்டு அணைந்துபோனது. கூட்டம் சிரித்தது. யார் டியூன் செய்தது என்று நடுவர் கேட்டார். டாக்டர் ஓட்டுநர் இருக்கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சின்ன வயசுப் பழக்கத்தில், தள்ளிவிடத் தேவைப்பட்டால் தள்ளலாம் என்று காருக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள். அவளுக்குத் தன் உதடு தெரியக் கூடாது என்று டாக்டர் முகத்தை நேராக முன்பக்கம் வைத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“எங்க அக்காதான். செவிட்டுக் காதை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

கூட்டம் மறுபடி சிரித்தது. அச்சக முதலாளியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அச்சகத்தில் அக்காவிடம் எல்லோரும் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தார்கள். சிலர் அவள் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். சிலர் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசினார்கள். இதெல்லாம் டாக்டரின் மனைவி வழியாக டாக்டர் காதுக்கு வந்தது. அக்கா அதன் பிறகு கார் பக்கம் வரவில்லை. அவள் ஏதும் கேட்கவில்லை, பார்க்கவில்லை, வெயிலில் நின்ற களைப்பில் கோபித்துக்கொண்டாள் என்று டாக்டர் வீட்டில் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை மாதிரி இருந்தது.

குண்டூசி என்று ஊர் அழைத்த ஒல்லி மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனார். முன் ஸ்க்ரூவை அரைத் திருகு பின்னால் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது டாக்டருக்கு நன்றாகவே தெரியும். அதைச் செய்தால் தப்பு யாருடையது என்பது குண்டூசிக்கும் தெரிந்துவிடும். ஆகவே இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, புதுமாதிரி கார்புரேட்டர் ஒன்றை மாட்டச் சொன்னார். அசல் பாகமாச்சே என்று குண்டூசி இழுத்தான். டாக்டர் பிடிவாதமாக நின்றார். ஒற்றைக் கார்புரேட்டருக்குக் காதும் வேண்டாம், தொண்டையும் வேண்டாம். அட்டையில் போட்டிருக்கும் கணக்குப்படி முடுக்கினால் போதும். கார் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. கழற்றியதைக் குப்பையில் போட மனசு வராமல் டாக்டர் துண்டில் சுற்றி மருத்துவ அறை அலமாரியில் வைத்தார். மறுநாள் அவை மூச்சு விட ஆரம்பித்தன.

எந்த மூச்சு யாருடையது என்று தெரிய அந்த ஒரு பகல் போதுமானதாக இருந்தது. பஞ்சு தீர்ந்துபோய் டாக்டர் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது முன் கார்புரேட்டர் அவரோடு சேர்ந்து இரைத்தது. தும்மினால் அதுவும் ஒரு கணம் தடுமாறியது. பின்னது தன் பாட்டுக்குச் சீராக இழுத்துக்கொண்டிருந்தது. அச்சகம் விடும் நேரம் கழிந்து, ஒருவர் நடந்து வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தில், அது மெல்ல வேகமெடுத்து, கொஞ்சம் நின்று, மறுபடி வேகமெடுத்து, மறுபடி நின்றது. டாக்டரின் மனைவி வாசலிலிருந்தே கேட்டுவிட்டு, “அண்ணி மாடி ஏறுறாங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வருஷங்கள் அப்படியே போயின. ஊர் அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. ஒரு இயற்பியல் வாத்தியார் வந்து, ஜன்னல் காற்றுதான் காரணம் என்றார்; ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்து, ஜன்னல் காற்று காரணமில்லை என்றார்; வந்ததற்கு ஒரு பல்லை அடைத்துக்கொண்டு போனார். பல் பிடுங்கப் பயப்படுகிறவர்கள் அலமாரிப் பக்கத்து நாற்காலிதான் வேண்டுமென்று கேட்டார்கள். அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால் மனசு அடங்குகிறதாம். எதிர்க்கடைக்காரர் பின் கார்புரேட்டர் மாடியேறும் சத்தத்தைக் கேட்டுக் கடையில் விளக்குப் போட்டார். டாக்டருக்கு மட்டும் அது பழகவே இல்லை. அக்கா சாப்பிடுவதும், தூங்குவதும், வேலை செய்துகொண்டே பெருமூச்சு விடுவதும் அவருக்குத் தெரிந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சு விட்டு விட்டு, மூக்கு அடைத்ததுபோல வரும். அது ஜலதோஷம் இல்லை என்று டாக்டருக்குத் தெரியும். ஒட்டுக்கேட்கிற ஆளாகிவிட்டோமே என்று கூனிக்குறுகி அலமாரிக் கதவைச் சாத்துவார். சாத்தியும் கேட்கும். இரண்டு தெரு நடந்தால் முடிந்துவிடும் விஷயம். செருப்பு மாட்டும்வரை போவார். பிறகு அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். மனைவி வாரம் தவறாமல் அண்ணியைப் பார்த்துவிட்டு வருவாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

ஒருநாள் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். குண்டூசி உள்ளே உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் பின்னால் நின்று டிக்கியைத் தேய்த்தார். நிமிர்ந்தபோது முன்கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் குண்டூசியின் வாய் தெளிவாகத் தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வாய்களோடேயே வாழ்க்கை நடத்துகிற மனிதருக்கு அந்த வாய் சொன்ன வார்த்தை புரிந்துவிட்டது. மகா கஞ்சன் என்றது அது. டாக்டருக்குக் குண்டூசியின்மேல் கோபமே வரவில்லை. தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். அன்றைக்கு மைதானத்தில் அக்கா நின்ற இடம் அதுதான். முகத்தை நேராக முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக அவளுக்கு நேராகவே அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம் என்று விளங்கியபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. துணியைக் காரின்மேலேயே போட்டுவிட்டு உள்ளே போனார். அவள் கேட்கவில்லை என்று வீட்டில் சொல்லுவதை அன்றோடு நிறுத்தினார். அப்போதும் போகவில்லை. முன்பு போகாததற்கு அவளுக்குத் தெரியாது என்பது காரணமாக இருந்தது. இப்போது தெரியும் என்பதே காரணமாயிற்று.

அடுத்த கோடையில், அச்சகத்துக்கு விடுமுறையான ஒரு மத்தியானம், பின் கார்புரேட்டர் நின்றுபோனது. ஏறிய பிஸ்டன் இறங்கவே இல்லை. டாக்டர் கையுறையோடு தெருவில் ஓடினார். முதல் தெருவைத் தாண்டி, அக்காவின் தெருமுனையில் நின்றிருந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில் வந்து நிமிர்ந்து பார்த்தால், அக்கா மூன்றாவது மாடிப் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குத்துக்கல்லாட்டம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று கண்டதும் டாக்டர் வேனில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். கூடவே வெட்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. என்ன சொல்லிக்கொண்டு மேலே போவது? நீ செத்துப்போய்விட்டாயோ என்று பார்க்க வந்தேன் என்றா? வேனுக்குப் பின்னால் நகர்ந்து, சுவரோரமாகவே திரும்பி நடந்தார். அலமாரியில் இரண்டு கார்புரேட்டரும் இரைத்துக்கொண்டிருந்தன. ஓடியது டாக்டர், முன்னது இரைப்பதில் நியாயம் இருக்கிறது. பின்னது ஏன் இரைக்கிறது என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில் பின் கார்புரேட்டருக்குச் சளி கட்டியது. மாடியேறும் நேரம் நீண்டுகொண்டே போனது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, இழுத்து, விசில் மாதிரி ஒரு சத்தத்தோடு மறுபடி தொடங்கியது. எதிர்க்கடை விளக்கு நன்றாக இருட்டிய பிறகே எரிந்தது. டாக்டர் மருந்து எழுதி மனைவியிடம் கொடுத்தனுப்பினார். மருந்து போயிற்று, மூச்சும் ஓரளவு தேறியது. ஒரு பகலில், ஒரு பள்ளிக்கூட எழுத்தரின் ஆடிய பல்லை இடுக்கியால் பிடித்து அசைத்துக்கொண்டிருந்தபோது, பின் கார்புரேட்டர் முனக ஆரம்பித்தது. மூச்சு இல்லை, முனகல். வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியில், தளராமல், கார் நன்றாக இருந்த காலத்தில் அது இருந்த அதே சுருதியில். டாக்டருக்குத் தெரியாமலே அவர் தொண்டை அதைப் பிடித்துக்கொண்டது. அவர் முனகியதும் முன் கார்புரேட்டரும் சேர்ந்துகொண்டது. இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்றாக ஒலிப்பதை எழுத்தர் வாயைத் திறந்தபடி கேட்டார். டாக்டர் பல்லை விட்டார். வெள்ளை அங்கியோடு, கையில் இடுக்கியோடு, செருப்பில்லாமல் வெளியே போனார். எழுத்தர் பஞ்சைக் கடித்துக்கொண்டு சாயங்காலம்வரை காத்திருந்துவிட்டு, பல்லோடேயே வீட்டுக்குப் போனார். அந்தப் பல் அவருக்குக் கடைசிவரை ஆடவும் இல்லை, வலிக்கவும் இல்லை.

அக்காவின் கதவு திறந்தே கிடந்தது. சளி தீரும்வரை வீட்டுக்கே வரவழைத்திருந்த அச்சுத் தாள்களை மேஜையில் பரப்பிக்கொண்டு, வாய் மூடி முனகியபடி உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் முனகலை நிறுத்தினாள். டாக்டர் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டுதான் வந்தார். வாசலில் நின்றதும் எல்லாம் அவிழ்ந்துபோக, தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ மென்று விழுங்கினார்.

“என் மூஞ்சியைப் பாத்து சொல்லு,” என்றாள் அக்கா. “கீழே பாத்தா எனக்கு எப்படித் தெரியும்?”

அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அரைத் திருகு திருகியது தான்தான் என்றார். தெரிந்தே பழியை அவள்மேல் போட்டதாகச் சொன்னார். அவள் ஊருக்கு மறைத்து வைத்திருந்ததை ஊர் சிரிக்கப் போட்டு உடைத்ததாகவும், கார்புரேட்டரைக் கழற்றியதுகூடத் தன் தப்பை மறைக்கத்தான் என்றும் சொன்னார். அத்தனை வருஷம் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை. உதடு கோணியது தெரிந்தது.

“திருகினது நீதான்னு அன்னைக்கே தெரியும். நான் வச்சது வச்சபடி இருந்திருந்தா அது இருமியிருக்காது,” என்றாள். கொஞ்ச நேரம் தாள்களை அடுக்கினாள். “மூச்சு விஷயமும் தெரியும். உன் பொண்டாட்டி முதல் வாரமே வந்து சொல்லிட்டா. அதான் போன வெயில் காலத்துல ஒருநாள் அடக்கிப் பாத்தேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீ வேன் வரைக்கும் வந்தே.”

டாக்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்ததால் திருப்பவும் முடியவில்லை. ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று அவருக்கே உறைத்தது.

“அதுக்கு மேல எப்படிடா கூப்பிடறது?” என்றாள் அக்கா.

கோபமாகச் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள். செருப்பில்லாத காலைப் பார்த்துவிட்டு, கழுவிக்கொள்ளத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை குண்டூசி புதுக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் பழையது இரண்டையும் மாட்டினான். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவற்றுக்கு வலிக்கப் போகிறது என்று மரைகளைப் பதமாகவே முடுக்கினான். அன்றைக்குச் சிரிப்பை அடக்கிய சிநேகிதரையும் மற்றவர்களையும் டாக்டரே ஆளனுப்பி வரவழைத்திருந்தார். தெருவும் கூடியது. எல்லோர் முன்னாலும் அக்கா அவர் தொண்டையில் விரல் வைத்தாள். கார்புரேட்டர்களைக் கழற்றியது ஏன் என்று முதலில் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் டாக்டர் குழாயைக் காதில் வைத்தார். சொன்னபோது கூட்டம் சிரித்தது; இந்தத் தடவை அது அவருக்கு உரிய சிரிப்பு. வெட்கம் பிடுங்கித் தின்றது. தொண்டையிலும் அது நடுங்கியிருக்க வேண்டும். நடுக்கம் நிற்கிறவரை அக்கா ஸ்க்ரூவைத் தொடாமல் பொறுத்திருந்தாள். பிறகு முன் ஸ்க்ரூவை மட்டும் அரைத் திருகு பின்னால் திருப்பினாள். கார் பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

காரில் மாட்டிய பிறகும் அவை மூச்சு விடுவதை நிறுத்தவில்லை. எஞ்சின் அணைந்து தெருவோரம் நிற்கும்போதும் அந்தக் கரும்பச்சைக் கார் மெல்ல மூச்சு விடும். ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கழற்றிய ஒற்றைக் கார்புரேட்டர் ஒருபோதும் மூச்சு விட்டதில்லை என்பதால், டாக்டரின் மனைவி அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டாள். சாயங்காலங்களில் அக்காவை அச்சகத்திலிருந்து டாக்டர் கூட்டிவருகிறார். ஓட்டும்போது அவரால் பக்கத்து இருக்கைக்குத் திரும்பிப் பேச முடியாது; அதனால் சின்னக் கண்ணாடியை அவர் வாய் அவளுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருக்கிறார். அதில் பின்னால் வருகிற வண்டி எதுவும் அவருக்குத் தெரியாது. அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் முன் கார்புரேட்டர் ஒரு மூச்சு தவறி, பிறகு சரியாகிவிடும். அதைச் சரிசெய்ய முடியுமா என்று டாக்டர் குண்டூசியைக் கேட்டார். முடியாது, அப்படியே ஓட்டுங்கள் என்றான் குண்டூசி. அவர் அப்படியே ஓட்டுகிறார். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பதில்லை, ஒதுங்கிப் போகிறார்கள்.